புனர்வாழ்வு கொடுத்தாயிற்றாம்! வாழ்வு எங்கே?

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னிப் போர் முடிவுற்றபோது அரசாங்கத்தின் கைக்குள் வந்த தமிழ்ப் போராளிகள் சுமார் 12,000 பேர். அவர்களுள் 2,000க்கு மேற்பட்டோர் பெண்கள். 594 பேர் சிறுவர் சிறுமியர். இவர்கள் அனைவரையும் புனர்வாழ்வு நிலையங்களில் வைத்துப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று கொழும்பு அரசாங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலக அரங்குகளிற் பெருமை பேசி வந்துள்ளன. நன்று. அனுப்பப்பட்டவர் உழுவதற்கு நிலம் எங்கே? உடலிற் பதிந்து கிடக்கும் எறிகணைத் துண்டை எடுப்பதற்கு வழி எங்கே? தொழில் தொடங்குவதற்கு முதல் எங்கே? மாலை வேளையிற் புலனாய்வாளர் வந்து படலையைத் தட்டினால், "என் கணக்கு முடிந்தது" என்று எடுத்துக் காட்டுவதற்குச் சட்டம் தந்த பத்திரம் எங்கே? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கூறுவார் ஒருவருமில்லை. கேட்பாரும் அருகிவிட்டனர். ஆதலால் நாம் கேட்கின்றோம்.

நமது வாதம் ஒன்றே. களத்தினின்று மீண்டவன் தன் வாழ்வை மீளக் கட்டியெழுப்புவது பிறருடைய தயவினால் ஆகக்கூடிய காரியமன்று. சட்டத்தினால் வரையறுத்துக் கொடுக்கப்பட்ட உரிமையினாலேயே அது ஆகும். இந்நாட்டிலே முன்னாள் போராளிக்குக் கண்காணிப்பு உண்டு. இடையிடையே தயவு உண்டு. மேடையிலே புகழும் உண்டு. உரிமை மாத்திரம் இல்லை. இதனைச் சட்டத்தைக் கொண்டும் சரித்திரத்தைக் கொண்டும் நிறுவுவோம். நிறுவிய பின்னர், கொழும்பிடம் கேட்க வேண்டியதையும் நம்மவரிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம்.

குற்றவாளியா? குடிமகனா?

முதலிற் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டனர்? 2006ஆம் ஆண்டின் அவசரகால விதிகளின் கீழ், "சரணடைந்தோர்" என்ற பெயரில். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஓமந்தையிலும் முகாம்களிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். பதிந்தவர்கள் பூந்தோட்டம், வெலிக்கந்தை முதலிய இடங்களிலிருந்த நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஓராண்டு, பின்னர் நீடித்து ஈராண்டு வரை. நீடிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கவில்லை, நிருவாகத்திடம் இருந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகால நிலை நீங்கியது. உடனே அதே ஏற்பாடு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வேறு விதிகளாக உருமாறித் தொடர்ந்தது.

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை என்ன சொல்கின்றது? தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவரையும் மறியற்றண்டனைக்கு ஆளாக்கலாகாது என்கிறது. குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியென்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. இது தண்டனையன்று, பராமரிப்பே என்று அரசாங்கம் பதிலிறுத்தது. தண்டனையல்லாத பராமரிப்பிலிருந்து விரும்பியபோது எழுந்து வெளியே போகலாமோ? போக முடியாது. போக முடியாத பராமரிப்புக்குச் சாதாரண மக்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலே நுட்பமான ஒரு கேடு உண்டு. சட்டம் பயிலாதாரும் அதனை அறிந்துகொள்ளல் வேண்டும். கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை அனுபவித்து வெளியே வந்த ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய கணக்குத் தீர்ந்தது. அதே குற்றத்துக்காக அவனை மீண்டும் கூண்டில் ஏற்ற முடியாது. ஒரு குற்றத்துக்கு இருமுறை விசாரணையில்லை என்னும் தத்துவம் அவனைக் காக்கின்றது. விடுதலையாக்கப்பட்டவனையும் அத்தத்துவம் காக்கும். ஆனால் புனர்வாழ்வு பெற்றவன் தண்டிக்கப்பட்டவனுமல்லன், விடுதலையாக்கப்பட்டவனுமல்லன். வழக்கே நடவாதபடியால் வழக்கு முடிந்தது என்று சொல்ல அவனால் முடியாது. ஈராண்டு அடைபட்டுக் கிடந்த பின்னரும், இயக்கத்தில் இருந்தாய் என்ற அதே காரணத்துக்காக அவனை மீண்டும் அழைக்கலாம், விசாரிக்கலாம், மறிக்கலாம். அவ்வாறு புனர்வாழ்வின் பின்னர் மறிக்கப்பட்டோர் உளர். கொலையாளிக்குக் கிடைக்கும் முடிவு, வலிந்து பிடித்துச் செல்லப்பட்ட பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இதுவே புனர்வாழ்வு என்று போற்றப்படும் ஏற்பாட்டின் சட்ட நிலை!

இது வெறும் ஏட்டு வாதம் என்று எவரேனும் கருதினால், அவர் 2018ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவில் நடந்ததை நினைவு கூரட்டும். காவலரணில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டனர். கொடிய செயல், கண்டிக்கத்தக்க செயல். ஆனால் கை நீண்டது யாரை நோக்கி? ஒரு முன்னாள் போராளியை நோக்கி. மாதங்கள் கழிந்தன. 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த பின்னரே, அக்கொலைகளைச் செய்தோர் அக்குண்டுதாரிகளின் கூட்டத்தினர் என்பது வெளிவந்தது. மே மாதத்தில் அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய மனையாளும் பிள்ளைகளும் அந்த மாதங்களில் உண்டது என்ன, ஊரார் சொன்னது என்ன என்று எந்த ஆணைக்குழு கேட்டது? புனர்வாழ்வு பெற்றவன் என்ற அடையாளம் அவரைக் காத்ததா, காட்டிக் கொடுத்ததா?

இத்துடனும் அமையவில்லை. 2022ஆம் ஆண்டில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது. போதைப்பொருளுக்கு அடிமையானோருடன் "முன்னாள் போராளிகள்" என்னும் சொல்லும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. போர் முடிந்து 13 ஆண்டுகள் சென்ற பின்னர், பிள்ளை குட்டிகளோடு வாழ்பவரை மீண்டும் நிலையத்துக்கு அழைக்க வழி தேடினர்! உயர் நீதிமன்றம் அச்சட்டமூலம் சமத்துவத்தைப் பேணும் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று தீர்மானித்தது. முன்னாள் போராளிகள் முதலியோரைப் பற்றிய சொற்களை நீக்கினாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்றது. சொற்கள் நீக்கப்பட்டன, 2023 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. நீதிமன்றத்துக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கதவு மூடப்பட்டதேயன்றி வேறொன்றும் திறக்கப்படவில்லை. அடைத்து வைக்கச் சட்டமியற்ற நேரம் கண்டவர்கள், வாழ வைக்கச் சட்டமியற்ற நேரம் காணவில்லை.

தளபதிக்கு ஒரு நீதி, சிறுமிக்கு ஒரு நீதி

சட்டத்தின் முன் அனைவரும் சமன் என்பர். கிழக்கில் இயக்கத்தின் தளபதியாக விளங்கிய விநாயகமூர்த்தி முரளிதரன் 2004இற் பிரிந்து சென்றார். 2008 ஒக்டோபரிற் பாராளுமன்ற உறுப்பினரானார். 2009 மார்ச்சில் அமைச்சரானார். அவர் எந்தப் புனர்வாழ்வு நிலையத்திலும் தையற் பயிற்சி பெற்றதாக நாம் அறியோம். போரின் கடைசி மாதங்களில், வீட்டுக்கு ஒருவர் என்ற பெயரில் தாயின் கையிலிருந்து பறித்துச் செல்லப்பட்டு, சில வாரங்களே துப்பாக்கி ஏந்திய பெண் பிள்ளைகள் முட்கம்பிக்குள் மாதக்கணக்கிற் கிடந்தனர். படையை நடத்தியவருக்கு மந்திரிப் பதவி. படைக்கு இழுத்துச் செல்லப்பட்டவளுக்குப் புனர்வாழ்வு. அரசாங்கம் அளந்தது குற்றத்தையா, பயனையா?

அந்தப் பலவந்த ஆட்சேர்ப்பை நாம் மூடி மறைக்கவில்லை. தமிழ் மக்களுக்குத் தமிழரால் இழைக்கப்பட்ட பெருந்தீங்கு அது. ஆனால் அத்தீங்குக்கு முதற் பலியானவர்களே இன்று அதன் பழியையும் சுமக்கின்றனர் என்பதையே சுட்டுகின்றோம். பறித்தவர் மேல் உள்ள கோபத்தைப் பறிகொடுக்கப்பட்டவள் மேல் காட்டுவது எந்த நீதி?

594 சிறுவர் விடயத்தில் அரசாங்கம் ஓரளவு நேர்மையாக நடந்தது என்பதையும் ஒத்துக்கொள்வோம். அவர்களைப் பிள்ளைகள் என்றே கொண்டு, அவர்களிற் பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் இருத்திப் படிப்பித்தனர். ஓராண்டளவிற் குடும்பங்களிடம் ஒப்படைத்தனர். புத்தகம் கொடுத்தால் பிள்ளை புத்தகம் படிக்கும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. அவர்களைவிடச் சில மாதங்கள் மூத்தவராய்ப் பிறந்துவிட்ட ஏனையோருக்கு அந்த நியாயம் ஏன் கிட்டவில்லை?

தெற்கு மறந்த தன் கதை

ஆயுதமேந்தியவர்களுக்கு உரிமையா என்று தெற்கிலே சிலர் வினவுவர். அவர்களுக்கு அவர்களுடைய கதையையே எடுத்துரைப்போம். 1971 ஏப்ரிலிற் சிங்கள இளைஞர் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். 10,000க்கு மேற்பட்டோர் பிடிபட்டனர் அல்லது சரணடைந்தனர். அவர்களை விசாரிக்க 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் நாம் குறை காண்போம். ஆயினும் விசாரணை என்று ஒன்று இருந்தது, தீர்ப்பு என்று ஒன்று இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அச்சட்டம் நீக்கப்பட்டு, சிறையிலிருந்த தலைவர்களும் வெளியே விடப்பட்டனர். ஆயுட்காலத் தண்டனை பெற்றிருந்த ரோகண விஜேவீர 1982இல் ஜனாதிபதித் தேர்தலிலே போட்டியிட்டு மூன்றாமிடத்தைப் பெற்றார். 1980களின் இறுதியில் அவ்வியக்கம் மீண்டும் ஆயுதமேந்தியது, இரத்தம் பெருகியது. அதன் பின்னரும் அக்கட்சிக்குத் தேர்தற் பாதை அடைக்கப்படவில்லை. 2004இல் அதற்கு 39 ஆசனங்கள் கிடைத்தன. 2024 செப்டெம்பரில் அதன் தலைவர் இந்நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

இதனை நாம் பொறாமையினாற் கூறவில்லை. நாடு தன் பிள்ளைகளை மன்னித்து மடியில் ஏற்றுக்கொண்டது, நன்மையே விளைந்தது. முன்னாட் கிளர்ச்சியாளரின் கட்சி ஒன்று அரசாளலாம் எனின், முன்னாள் போராளி ஒருவர் அச்சமின்றிக் கத்தரித் தோட்டம் செய்யக் கூடாதா?

படையினரின் நிலையையும் சொல்லி வைப்போம். இறந்த, காணாமற் போன, அங்கவீனமுற்ற படையினருக்கும் அவர் குடும்பத்தினருக்குமாக 1999இல் ரணவிரு சேவை அதிகார சபை என்ற ஒன்று பாராளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அப்படியிருந்தும், 12 ஆண்டுச் சேவை நிறைவதற்கு முன் அங்கவீனமுற்று விலகியவர்கள் ஓய்வூதியம் கோரி 2017இற் கொழும்பு வீதியிலே ஊன்றுகோலுடன் அமர நேர்ந்தது. சிங்களக் கிராமத்து ஏழையின் மகன் இழந்த காலும் கால்தான். அவனுக்கு உரியதைப் பறித்து நமக்குத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. வெடித்த கண்ணி கால் எவருடையது என்று பார்த்து வெடிக்கவில்லை. கொடுக்கும் சட்டம் மாத்திரம் ஏன் பார்க்கின்றது என்றே கேட்கின்றோம்.

அமெரிக்கா கற்ற பாடம்

வெளியுலகம் இவ்விடயத்திற் பட்டுத் தெளிந்த பாடமொன்று உண்டு. முதல் உலகப் போரிற் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரருக்கு 1924இல் உபகாரப் பத்திரம் கொடுத்தனர். பணமோ 1945இற்றான் கிடைக்கும் என்றனர். இடையிற் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையின்றிப் பசித்தவர்கள் 1932இல் மனைவி மக்களுடன் வாஷிங்டனுக்குத் திரண்டு வந்து குடிசையிட்டு, அப்பணத்தை இப்போதே தாருங்கள் என்று கேட்டனர். ஜூலை 28ஆம் நாள் ஜெனரல் மக்கார்தரின் படை கண்ணீர்ப் புகையோடும் தாங்கிகளோடும் வந்து அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் படையே ஓட்டியது.

அந்த அவமானத்தை அந்நாடு மறக்கவில்லை. இரண்டாவது போர் முடியுமுன்னரே, 1944 ஜூன் 22இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் படைவீரர் மீளமைவுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வீடு திரும்புவோனுக்குக் கல்விச் செலவு. வேலை தேடும் காலத்தில் வாரமொன்றுக்கு 20 டொலர், 52 வாரங்கள் வரை. வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்கான கடனுக்கு அரசாங்கத்தின் பிணை. 1956 அளவில் 78 இலட்சம் பேர் அச்சட்டத்தாற் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். எவருடைய கருணையையும் அவர்கள் வேண்டி நிற்கவில்லை. சட்டத்தைக் காட்டிப் பெற்றனர்.

ஆயினும் அச்சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. நமக்கு மிகவும் பழக்கமான ஓட்டை. எழுத்திலே நிறபேதம் இல்லை. நடைமுறையோ உள்ளூர் வங்கிகளிடமும் உள்ளூர் அதிகாரிகளிடமும் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களிற் பிணையளிக்கப்பட்ட 3,229 கடன்களுள், கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. நல்ல சட்டம் வேண்டும், அது போதாது. அதனை நடத்தும் கை எவருடையது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

விசுவமடுவிற் சிந்திய கண்ணீர்

வன்னியில் அந்தக் கை எவருடையதாயிருந்தது? 2018 ஜூனில் விசுவமடுவில் இருந்து மாற்றலாகிச் சென்ற ஓர் இராணுவ அதிகாரிக்கு அங்குள்ள தமிழ் மக்கள் மாலையிட்டு வழியனுப்பினர். முன்னாள் போராளிகள் அவரைத் தோளிற் சுமந்தனர், பலர் அழுதனர். படம் நாடெங்கும் பரவியது. கொழும்பிற் சிலர், பாருங்கள் நல்லிணக்கத்தை என்றனர். யாழ்ப்பாணத்திற் சிலர், பாருங்கள் துரோகத்தை என்றனர். இரு திறத்தாரும் பார்க்கத் தவறியது ஒன்றுண்டு. அவ்வதிகாரி பொறுப்பாயிருந்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. அத்திணைக்களத்தின் பண்ணைகளில் அம்மக்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அழுதவர்கள், மாத முடிவிற் கைக்கு வந்த காசுக்கும், தம்மை மனிதராக நடத்திய ஒருவருக்கும் நன்றி சொன்னார்கள். அதிலே குற்றம் என்ன?

குற்றம் வேறிடத்தில் உள்ளது. ஒரு குடிமகன் தன் சோற்றுக்குப் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் தங்கியிருக்க வேண்டிய நிலையை ஆக்கி வைத்தது அரசாங்கத்தின் குற்றம். அதிகாரி நல்லவரானால் வாழ்வு. மாறிப் போனால் கண்ணீர். இது தயவின் இலக்கணம். உரிமைக்கு இடமாற்றம் கிடையாது. வேறு வேலை கொடுக்க ஒரு பண்ணையோ ஓர் ஆலையோ அமைக்காமல், அழுதவர்களைத் துரோகிகள் என்று ஏசியது நம்மவர் குற்றம்.

நம்மவர் செய்தது என்ன?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கார்த்திகை மாதத்தில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகின்றோம். அழும் உரிமை எந்த மக்களுக்கும் உண்டு. அதனைத் தடுப்பாரை நாம் எதிர்ப்போம். ஆனால் உயிரோடிருப்பவர் வீட்டிலே விளக்கெரிகின்றதா என்று பார்க்கின்றோமா? இறந்த போராளி நமக்குத் தெய்வம். இருக்கும் போராளி நமக்குச் சங்கடம். வேலை கேட்டு வந்தால், சீ.ஐ.டி. பின்னால் வருமே என்று கதவைச் சாத்துகின்றோம். ஊர்க் கூட்டத்துக்கு வந்தால், இராணுவத்தின் ஆளாயிருப்பானோ என்று காதோடு காதாய்ப் பேசுகின்றோம். பெண்ணாயிருந்தாற் சொல்லவே வேண்டாம். முகாமிலிருந்து வந்தவள் என்று கலியாணப் பேச்சை முறிக்கின்றோம். அவளுடைய தாய்மாரும் தமக்கைமாருமே அவளை நோக்கிக் கேட்கும் கேள்விகள், எந்த விசாரணை அதிகாரியின் கேள்வியிலும் கொடியவை.

அரசியல்வாதிகள் என்ன செய்தனர்? 2015ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது முன்னாள் போராளிகள் சிலர் ஜனநாயகப் போராளிகள் என்ற பெயரில் ஒன்றுகூடி, கூட்டமைப்பின் பட்டியலில் இடம் கேட்டனர். கொடுக்கப்படவில்லை. சுயேச்சையாக நின்றனர், ஓர் ஆசனமும் பெறவில்லை. மக்கள் வாக்கு மக்களுக்குரியது. அதைப் பற்றி நாம் வழக்காடவில்லை. நாம் கேட்பது வேறு. அவர்களுடைய தியாகத்தைச் சொல்லி மேடைதோறும் வாக்குக் கேட்டவர்களுக்கு, அவர்களுடைய வாழ்வுக்காக ஒரு தனிநபர் சட்டமூலம் வரைந்து பாராளுமன்றத்தில் வைக்க என்ன தடை? தோற்றிருக்கும், தோற்கட்டுமே! தோற்ற சட்டமூலமும் ஹன்சாட்டிற் சாட்சியாய் நின்றிருக்கும்.

காலம் இதற்குள் ஓடிவிட்டது. 2009இல் 25 வயதுடையவர் இன்று 40ஐக் கடந்துவிட்டார். அரசாங்க உத்தியோகத்துக்குரிய வயதெல்லை போய்விட்டது. வங்கியிற் கடன் கேட்டாற் பிணையாளர் வேண்டும். அவருக்குப் பிணை நிற்பார் யார்? காணி இருந்தாலும் வன்னியிற் பெரும்பாலானது அனுமதிப்பத்திரக் காணி. விரும்பியவாறு அடகு வைக்க முடியாது. பத்திரமே போரிற் தொலைந்தவர் பலர். அரும்பாடுபட்டுத் தோட்டம் செய்தவரை 2021இன் இரசாயன உரத் தடை அடித்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி மீண்டும் அடித்தது. இவை எல்லாக் கமக்காரரையும் அடித்த அடிகளே. ஆனால் இரண்டு காலுள்ளவர் விழுந்து எழும்பும் இடத்தில், ஒற்றைக் காலுள்ளவர் விழுந்தவாறே கிடக்கின்றார்.

கேட்பது இவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, புனர்வாழ்வு முடித்து விடுவிக்கப்பட்டவருக்கு அதுவே இறுதி என்று பாராளுமன்றச் சட்டம் கூற வேண்டும். இயக்கத்தில் இருந்தார் என்பதற்காக மாத்திரம் அவரை மீண்டும் மறிக்கவோ வழக்கிடவோ கூடாது. புதிய குற்றம் செய்தாற் சாதாரண சட்டம் இருக்கின்றது. மற்றெல்லாக் குடிகளையும் போல விசாரிக்கட்டும். அழைப்பதாயின் காரணம் எழுதிய கடிதம் மூலம், சட்டத்தரணியுடன் வர இடங்கொடுத்து அழைக்கட்டும். படலையைத் தட்டும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இரண்டாவது, அங்கவீனத்துக்கான கொடுப்பனவு ஊனத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். ஊனமுற்றவர் நின்ற பக்கத்தைப் பார்த்தன்று. இது நம் புதுக் கோரிக்கையன்று. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கையில், முன்னாள் போராளிகளும் அவர்தம் உறவினரும் நட்டஈட்டு உதவிக்குத் தகுதியுடையோராகக் கருதப்பட வேண்டும் என்று கூறியது. 2018இன் சட்டத்தால் இழப்பீட்டு அலுவலகமும் அமைந்தது. அறிக்கையும் உண்டு, அலுவலகமும் உண்டு, மனந்தான் வேண்டும்.

மூன்றாவது, தொழிற் கடனுக்கு அரசாங்கமே பிணை நிற்றல் வேண்டும். வயதெல்லையிற் சலுகை வேண்டும். இடைநின்ற கல்வியை முடிக்க உதவி வேண்டும்.

நான்காவது, இவை அனைத்தையும் பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்னும் குடியியல் நிறுவனங்கள் தமிழ் மொழியிலே நடத்த வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் கை இதில் இருத்தலாகாது. மிசிசிப்பியின் பாடத்தை நாம் மறவோம்.

நம்மவரிடம் கேட்பவை இவற்றினும் எளியவை. அவற்றுக்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை. சட்டத்தரணிகளே! அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றஞ் செல்ல வேண்டும் என்பது வன்னிக் குடியானவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நீதிமன்ற நகரிலும் ஒருவர் முன்வந்து, கட்டணமின்றி அவ்வழக்குகளை ஏற்கட்டும். வைத்தியர்களே! எறிகணைத் துண்டோடு வாழ்வோரை உங்கள் கிராமங்களிற் தேடிப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவே நாளை நட்டஈட்டுக்குச் சாட்சியாகும். ஆசிரியர்களே! சாதாரண தரப் பரீட்சையை முடிக்காமல் இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். வணிகர்களே, அலுவலகத் தலைவர்களே! ஊனமுற்றவர் என்ற காரணத்தால் வேலை மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! உங்களிடமே அதிகம் கேட்கின்றோம். ஏனெனில் உங்களிடமே அதிகம் இருக்கின்றது. தரிசாய்க் கிடக்கும் ஒரு பரப்புக் காணியைக் குத்தகையின்றி ஒரு போகத்துக்கு விடுவது பெரிய தானமன்று. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் அவரை உறுப்பினராக்குங்கள். உழவு இயந்திரத்தின் முறை வரும்போது அவருடைய வயலையும் உழுங்கள். கடன் படிவத்தில் அவருக்காக ஒரு கையொப்பம் இடுங்கள். அந்தக் கையொப்பம், எந்த மேடைப் பேச்சினும் பெரிய அரசியல் என்று நாம் துணிந்து கூறுவோம்.

எந்தப் போரும் கடைசிக் குண்டு வெடித்த நாளில் முடிவதில்லை. போரிட்டவர் அச்சமின்றித் தம் பெயரைச் சொல்லி, தம் நிலத்திலே தம் உழைப்பை உண்ணும் நாளிலேதான் முடிகின்றது. அந்த நாளைத் தர மறுக்கும் அரசாங்கத்தை நாம் சட்டத்தின் முன் நிறுத்துவோம். அந்த நாளைத் தாமதப்படுத்தும் சமூகமாக நாம் இருக்க மாட்டோம் என்று, தமிழ் மக்களே, உறுதி கூறுவீர்களா?